நிரப்பி

சுக்கானை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டாள் பிரிசில்லா. திரையில் ஓடிக்கொண்டிருந்த படகு அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே கரும்பாறை. படகு அதை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, எனக்கு நின்னுட்டு. சுக்கான் கேக்கல," என்றாள் ஹெட்செட்டில்.

"நீ பதறாத. நான் பாத்துக்கிடுதேன்," என்றது கீழே கூடத்திலிருந்து வந்த குரல்.

மறுகணம் படகின் முனையிலிருந்து கொக்கி பறந்தது. பீப்பாயைப் பார்த்து அல்ல, பாறையின் உச்சியைப் பார்த்து. கயிறு விறைத்தது. படகு அந்தக் கயிற்றில் தொங்கியபடியே அரைவட்டம் அடித்துப் பாறையை உரசிக்கொண்டு மறுபக்கம் வந்தது. வந்த வீச்சிலேயே கொக்கி கழன்று, மிதந்துகொண்டிருந்த கடைசிப் பீப்பாயைக் கவ்வித் தூக்கிக்கொண்டது. திரை முழுக்க வாணவேடிக்கை. அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள்.

பிரிசில்லா மாடிப்படிகளில் உருளாத குறையாக ஓடிவந்தாள். சந்தியாகு நாற்காலியில் சாய்ந்து, ஒன்றும் நடக்காதவர் போல மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பிடி ஒரு வீச்ச எங்கப்பா படிச்சீங்க?"

"கிரேன்ல காத்தடிக்கும்போது கன்டெய்னர் ஆடும்லா, அந்தக் கணக்குதான். வெளியில யார்ட்டயும் சொல்லாத."

சந்தியாகு தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இப்போதெல்லாம் யாரும் கிரேன் மீது ஏறுவதில்லை. கண்ணாடி போட்ட குளிர் அறையில், திரை வைத்த மேசைக்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அரை மைல் தள்ளி இருக்கும் கிரேன் தூக்கும், இறக்கும். மகள் பிரிசில்லாவுக்குப் படகு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போடும் வேலை. அம்மா இறந்தபிறகு இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது பொறுக்காமல் ஒருநாள் அப்பாவின் கையில் கன்ட்ரோலரைத் திணித்தாள். 'பவளத்துறை' என்ற அந்த விளையாட்டில் ஒரு படகுக்கு இரண்டு பேர். ஒருவர் சுக்கான், ஒருவர் கொக்கி. பாறைகளுக்கு நடுவே படகை ஓட்டி, எதிரணிக்கு முன்னால் பீப்பாய்களைத் தூக்கவேண்டும். கொக்கியைத் தொட்ட முதல் மாதமே சந்தியாகு ஊர் உலகத்தில் இருந்த பொடியன்களையெல்லாம் கதறவைத்தார். ஒரே அறையில் இருந்தால் மைக்கில் எதிரொலிக்கிறது என்று அவர் கீழேயும் அவள் மாடியிலும் இருந்து ஆடினார்கள். அந்த ஹெட்செட்டுக்குள் அப்பாவும் மகளும் பேசிய அளவுக்கு, அதற்கு முந்தைய முப்பது வருடத்தில் பேசியிருக்கமாட்டார்கள்.

இறுதிப்போட்டி அடுத்த ஞாயிறு சாயங்காலம். எதிரணி சிட்டகாங்கில் இருக்கும் ஓர் அண்ணனும் தங்கையும். ஜெயித்தால் கொழும்பில் மேடையில் உட்கார்ந்து ஆடலாம். ஆனால் இந்த நின்றுபோகிற நோயை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது? தனியாக ஆடினால் பிரிசில்லாவுக்கு வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அப்பா தனியாக ஆடினாலும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்தால் மட்டும் அவளுக்கு நிற்கிறது. நாலைந்து மாதமாகவே இப்படி.

"இந்த வாரம் இதக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்றாள். பிழையைத் துரத்துவதென்றால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல். வரைபடத்தில் ஒரு தப்பு இருப்பது தெரிந்துவிட்டால் சாப்பாட்டை மறந்து தேடுகிற ஆள்.

முதலில் ரவுட்டர். மாதா படத்துக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி ஒளிந்திருந்தது. "மாதாவுக்கு எதுக்குப்பா இன்டர்நெட்?" என்று கேட்டபடியே அதை வெளியே எடுத்து, படிக்கட்டின் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டினாள். ஒன்றும் மாறவில்லை. அலைவரிசையை மாற்றினாள். டிவி, வாசல் கேமரா, அப்பாவின் பழைய டேப்லட் என்று வீட்டில் இன்டர்நெட்டைக் குடிக்கிற எல்லாவற்றையும் அணைத்தாள். அப்போதும் நின்றது. காற்றில் வரும் சிக்னலே வேண்டாம் என்று கேபிள் வாங்கிவந்து, ஜன்னல் கம்பி வழியாக மாடிக்கு இழுத்தாள். துணி காயப்போடும் கொடியும் அந்தக் கேபிளும் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

"நாம எடம் மாறி உக்காருவோம்," என்றார் சந்தியாகு. மாறினார்கள். மாடியில் அப்பாவுக்கு நன்றாக ஓடியது. கூடத்தில் பிரிசில்லாவுக்கு நின்றது. மெஷினை மாற்றினார்கள். அப்போதும் அவளுக்குத்தான் நின்றது.

"அப்போ வயர்லயும் இல்ல, ரூம்லயும் இல்ல, மெஷின்லயும் இல்ல," என்று விரல்விட்டு எண்ணினாள் பிரிசில்லா. கண்கள் மின்னின. "இது ஆளப் பாத்து வருதுப்பா."

"உனக்கு யாரோ செய்வினை வச்சிட்டாவ போல."

எதிர்வீட்டு ரொசாரியோவைக் கூப்பிட்டு அப்பாவின் இடத்தில் உட்காரவைத்தாள். அவன் ஆட்டத்தில் சுத்த மோசம், பாறைக்குப் பாறை கொக்கியை மாட்டினான். ஆனால் அவளுடைய சுக்கான் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடுத்து தான் விலகிக்கொண்டு, அப்பாவையும் ரொசாரியோவையும் ஆடவிட்டாள். இப்போது ரொசாரியோவுக்கு நின்றது.

பிரிசில்லா கைதட்டிச் சிரித்தேவிட்டாள். நோய் அவளைப் பார்த்து வரவில்லை. அப்பாவோடு யார் ஆடினாலும் அவர்களுக்கு வருகிறது. உடனே ரவுட்டர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தன் பெயர் தமயந்தி என்றாள். எரிச்சலில்லாமல் பொறுமையாகக் கேட்டாள். அவர்கள் வீட்டு ரவுட்டரைத் தன் திரையில் திறந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

"உங்க ரவுட்டர்ல நிரப்பி இருக்கு இல்லையா மேடம்?"

"தெரியும். லைன் விட்டுவிட்டு வந்தாலும் ஆட்டம் நிக்காதுன்னு சொல்லித்தான் வித்தீங்க."

"அதுதான். லைன்ல ஒரு நொடி துண்டு விழுந்தா, நீங்க அந்த நொடியில என்ன செஞ்சிருப்பீங்கன்னு அது ஊகிச்சு, உங்களுக்குப் பதிலா அனுப்பிடும். உங்க ஆட்டத்தைப் பாத்துப் பாத்தே அதைக் கத்துக்கும். ஊகம் சரியா இருந்தா உங்களுக்கே தெரியாது. ஆனா அது ரொம்ப கனமான வேலை. ஒருத்தருக்காக ஓயாம நிரப்பிக்கிட்டே இருந்தா, பக்கத்துல ஆடறவங்களைக் கவனிக்க அதுக்குத் தெம்பு இருக்காது. உங்களுக்கு நிக்கறது அதனாலதான்."

"அப்பாவுக்காகவா நிரப்புது? அவருக்கு லைன் நல்லா இருக்கே."

"ஆமா மேடம், லைன் சுத்தமா இருக்கு. ஆனா கன்ட்ரோலர்லேர்ந்து வரவேண்டிய அழுத்தம் வரவேண்டிய நேரத்துக்கு வரலை. லைன்ல துண்டு விழுந்ததா, பட்டன் லேட்டா அழுந்துதாங்கறது நிரப்பிக்குத் தெரியாது. வரலைன்னா நிரப்பிடும். கன்ட்ரோலர் பழுதா இருக்கும், மாத்திப் பாருங்க."

புதுக் கன்ட்ரோலரோடு வந்தபோது பிரிசில்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சல்லிசாக முடிந்ததே என்று நினைத்தாள். அதைச் செருகி ஆடிப்பார்த்தார்கள். அவளுக்கு நின்றது.

"அந்த நிரப்பியவே அணைச்சிட்டுப் பாப்போம்," என்று செட்டிங்கில் போய் அணைத்தாள். இந்த முறை மாடிக்குப் போகவில்லை. அப்பாவின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, பயிற்சி ஆட்டத்தைப் போட்டாள். "நீங்க மட்டும் ஆடுங்கப்பா. நான் பாக்கேன்."

முதல் பீப்பாய் மிதந்து வந்தது, கடந்து போனது. அதற்குப் பிறகுதான் கொக்கி கிளம்பியது. இரண்டாவதும் போனது. பிரிசில்லா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தாள். அவர் கண் பீப்பாயைப் பிடித்துவிட்டது, தோள்கூட முன்னால் சாய்ந்துவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் பட்டன் மீது யோசித்துக்கொண்டு நின்றது. ஈரமணலில் புதைந்த காலை இழுத்து எடுப்பதுபோல, மெதுவாக, அது இறங்கியது.

அவ்வளவு நேரம் நெஞ்சில் துள்ளிக்கொண்டிருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அப்பா, கையில என்ன செய்யுது?"

சந்தியாகு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். சட்டைக்குப் பித்தான் போட நேரமாகுது. கையெழுத்துப் போட்டா எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிருது. உன்ட்ட சொல்லிப் பயமுறுத்துவானேன்னு இருந்தேன். ஆனா பிள்ளே, கொக்கியத் தொட்டா மட்டும் பழைய கை வந்துரும். கிரேன்லயும் அப்பிடித்தான். மனசுக்குப் புடிச்ச வேலையில கைக்கு நோவு தெரியாது போலன்னு நெனச்சேன்." அவர் குரலில் ஒரு சின்ன பெருமைகூட இருந்தது. "அதான் ஓயாம வெளையாடலாமான்னு உன்னயப் போட்டு அரிச்சேன்."

கொக்கி வீசியது அவர் கை இல்லை, நிரப்பி என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. கிரேன் என்ற சொல் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

"துறைமுகத்து மேசையிலயும் நிரப்பி உண்டாப்பா?"

"உண்டும். புது மேசை போட்டப்ப சொன்னாவ, கேபிள்ல வெட்டு வந்தாலும் கிரேன் நிக்காதுன்னு." சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. கன்ட்ரோலரை மெல்லத் தரையில் வைத்தார். "அப்போ இத்தன நாளும் தூக்குனது யாரு?"

பிரிசில்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்டெய்னருக்குக் கீழே லாரிக்காரர்கள் நிற்பார்கள், பூட்டு மாட்டுகிற ஆட்கள் நிற்பார்கள். ஒருநாள் நிரப்பி தப்பாக ஊகித்திருந்தால்? இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தார்கள்.

சந்தியாகு எழுந்துபோய்ப் போனை எடுத்தார். கன்ட்ரோல் ரூம் என்ஜினியர் குருபரனிடம், "நாளைக்கு என்னைய மேசையில உக்காரவைக்காதீங்க. நிரப்பிய அணைச்சிட்டு, காலிக் கன்டெய்னரக் குடுத்து சோதிச்சுப் பாருங்க," என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தத் துறைமுகத்திலேயே ஒரு கீறல் விழாமல் இறக்குகிற ஆள் நீங்கள்தானே என்கிற மாதிரி ஏதோ சொன்னார் போல.

"அதான் தம்பி பிரச்சினையே," என்றார் சந்தியாகு.

மறுநாள் சோதித்தார்கள். ஆட்களையெல்லாம் விலக்கிவிட்டுத் தூக்கச் சொன்னார்கள். நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் ஆடியது கன்டெய்னர். குருபரன் அதன்பிறகு சிரிக்கவில்லை என்று அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். அடுத்த நாளே டாக்டரிடம் போனார்கள். நடுக்குவாதத்தின் தொடக்கம் என்றார் அவர். "கை நடுங்க ஆரம்பிச்ச பிறகுதான் பாதிப் பேர் வருவாங்க. அதுக்கு முன்னாடியே இந்த மந்தம் வரும், யாரும் கவனிக்க மாட்டாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இன்டர்நெட் சரியா வரல டாக்டர்," என்றார் சந்தியாகு. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிரிசில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மருந்து இருக்கிறது, முழுக்கக் குணமாக்காது, ஆனால் ரொம்ப நாள் தள்ளிவைக்கும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அப்பா, எனக்குத் தனியா இன்னொரு ரவுட்டர் வாங்கிட்டா நிக்கிற பிரச்சினை தீந்துரும். நிரப்பி போடக்கூடாதுன்னு போட்டி விதியில எங்கயும் இல்ல. அது உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான. நாம ஜெயிச்சிரலாம்."

சந்தியாகு வலது கையை மடியில் விரித்துப் பார்த்தார். "நாள் போகப்போக இந்தக் கை இன்னும் மந்தமாகும்னு டாக்டர் சொல்லாம சொல்லுதாரு. இருக்கிற கைய நானே வச்சி ஆடிக்கிடுதேன். அணைச்சிரு."

"அப்போ கொக்கி?"

"கொக்கிய நீ எடு. எனக்குச் சுக்கானக் குடு. கொக்கிக்கு வேகம் வேணும். சுக்கானுக்கு எதுக்கு வேகம்? மூணு அலைக்கு முன்னாலயே தெரிஞ்சா போதும். கை லேட்டுன்னா நான் சீக்கிரமே நெனச்சிட்டுப் போறேன்."

இரண்டு நாள்தான் பழகினார்கள். சனிக்கிழமை முழுக்க பிரிசில்லா ரொசாரியோவைவிட மோசமாகக் கொக்கி வீசினாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வேறு வேறு அறையும் வேண்டாம் என்றாகிவிட்டது. கூடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒரே மைக்கைப் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் தொடங்கியபோது ஜன்னல் வழியே ரொசாரியோவின் குடும்பமே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. சிட்டகாங் படகு மின்னல் மாதிரி கிளம்பி எடுத்த எடுப்பில் இரண்டு பீப்பாயைத் தூக்கியது. இவர்களுடைய படகு சாவகாசமாகப் போனது. "இன்னும் இல்ல, இன்னும் இல்ல," என்று முணுமுணுத்தபடியே சந்தியாகு யாரும் போகாத ஓரப்பாதையில் அதைத் திருப்பினார். பிரிசில்லா கொக்கியோடு பீப்பாயைத் தேடினாள். அங்கே ஒன்றுமே இல்லை. அடுத்த பெரிய அலை வந்து உடைந்தபோதுதான் புரிந்தது. நடுவில் இருந்த பீப்பாய்கள் எல்லாவற்றையும் அந்த அலை அவர்கள் மடியில் கொண்டுவந்து கொட்டியது.

"இப்போ வீசு."

அவள் வீசினாள், பிடித்தாள். மறுபடி வீசினாள். அப்பா ஒவ்வொரு தடவையும் படகை அலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எங்கே போகப்போகிறோம் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் கை தானாக முந்திக்கொண்டது. எதிரணியோடு சமமாகிவிட்டார்கள். ஜன்னலில் சத்தம் காதைப் பிளந்தது. நேரம் முடிகிற கடைசிக் கணத்தில் ஒரே ஒரு பீப்பாய் மிதந்தது. இரண்டு கொக்கிகளும் ஒன்றாகப் பறந்தன. சிட்டகாங் கொக்கி ஒரு மயிரிழை முந்தியது.

தோற்றுவிட்டார்கள். பிரிசில்லாவுக்கு நம்ப முடியவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வேர்த்து விறுவிறுத்துப்போய், பிள்ளைப் பிராயத்துச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். "இந்த ஆட்டத்துல ஒண்ணொண்ணும் நான் ஓட்டுனது," என்றார். "அடுத்த போட்டிக்கு எப்பம்மா பேர் குடுக்கணும்?"

இரண்டு வாரம் கழித்து குருபரன் கூப்பிட்டனுப்பினார். சந்தியாகுவுக்குக் கையெழுத்து மெதுவாக வரும் என்று பிரிசில்லாவும் கூடப் போனாள். வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

குருபரன் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றார். "எல்லா மேசையிலயும் நிரப்பிய அணைச்சு சோதிச்சோம் அண்ணாச்சி. மத்தவங்க கை நல்லா இருக்கு. ஆனா வேற ஒண்ணு தெரிஞ்சுது. இந்த நிரப்பி ஆளாளுக்குத் தனித்தனியா கத்துக்கலை. கம்பெனிக்காரன் மொதல்ல ஒரே ஒருத்தர் வேலையத்தான் அதுக்குக் காட்டியிருக்கான். யாரு சுத்தமா இறக்குறாங்கன்னு கேட்டு, அவங்களோட ஒரு வருஷ வேலைய."

"யாரோட வேலை?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"அண்ணாச்சியோடதுதான். இங்க எந்த மேசையில துண்டு விழுந்தாலும், அத நிரப்புறது அவரு கை."

சந்தியாகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெயிலில் கிரேன்கள் வரிசையாகத் தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருந்தன. நோய்க்கு முந்தைய கை. அவரிடம் இல்லாத கை.

"இது உங்களுக்குத் தெரியாம செஞ்சது, தப்புதான். நீங்க வேண்டாம்னா எடுத்துரச் சொல்லுதேன். இருக்கலாம்னா இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க."

"இருக்கட்டும்," என்றார் சந்தியாகு. "ஆனா ஒவ்வொரு மேசையிலயும் ஒரு வெளக்குப் போடுங்க. அது நிரப்பும்போது வெளக்கு எரியணும். எது தன் கை, எது அடுத்தவன் கைன்னு உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணும். எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க. அந்த வெளக்குகளப் பாத்துக்கிட்டிருக்கிற வேலைய எனக்குக் குடுங்க."

விளக்கு வந்தது. அந்த வேலையும் வந்தது. அவர் அதில் சேர்ந்த அன்று பிரிசில்லாவும் போய் அவர் பின்னால் நின்றாள். நிரப்பி வந்த பிறகு இந்த மேசையில் வேலை பழகிய முத்துச்செல்வி என்கிற பெண் ஒரு கன்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி, லாரிக்கு மேலே கொண்டுவந்துகொண்டிருந்தாள். லாரியின் தட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது ஒரு மூச்சு நின்றது, ஆட்டம் அடங்கியது, அப்புறம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

"நீங்க இறக்குத மாதிரியே இருக்குப்பா," என்றாள் பிரிசில்லா மெல்ல. "நிரப்பிதான?"

சந்தியாகு முத்துச்செல்வியின் மேசையைக் கண்ணால் காட்டினார்.

விளக்கு எரியவில்லை.